மூன்றாம் நம்பர் பெரியப்பா

சங்குமுனை அனல் மின்நிலையத்தின் மூன்றாம் நம்பர் புகைபோக்கி, போன வருஷம் நவம்பர் முப்பதாம் தேதி பிற்பகலில் ஓய்வு பெற்றார். அன்று சாயங்காலமே மாலை போட்டு எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். ஓய்வு பெறுகிறவரைத் தனியாக அனுப்ப மாட்டார்கள். கூட வேலை பார்த்தவர்கள் வீடுவரை வந்து, உள்ளே உட்கார்ந்து, காப்பி குடித்து, "இனி உங்க பொறுப்பு" என்று வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். புகைபோக்கிக்கென்று வீடு கிடையாது. வீடில்லாதவர் ஓய்வு பெற்றால், அதே நாளில் ஓய்வு பெறுகிற இன்னொருவர்தான் அவரைக் கூட்டிப்போக வேண்டும். அன்றைக்கு ஓய்வு பெற்ற இன்னொருவர் என் அப்பா கஸ்பார்.

அப்பா வேனில் வந்தார். புகைபோக்கி பின்னால் நடந்து வந்தார்.

எங்கள் வாசல் நிலை கொஞ்சம் தாழ்வு. அவர் உயரம் இருநூற்றிருபது மீட்டர் என்பதால் மற்ற விருந்தாளிகளைவிட அதிகமாகக் குனிய வேண்டியிருந்தது. அம்மா, "பாத்து வாங்க அண்ணாச்சி, தலை" என்றாள். அவர் நிலையில் இடிக்காமல் உள்ளே வந்து, கூடத்தைக் கடந்து, கொல்லையில் முருங்கைக்கும் அடிகுழாய்க்கும் நடுவே போய் நின்றார். அம்மா ஒரு டம்ளர் காப்பியை அவர் காலடியில் வைத்தாள். வந்தவர்கள் எல்லோரும் குடித்து முடித்ததும் அதுவும் முடிந்திருந்தது.

அவர் எண்பத்தாறில் வேலைக்குச் சேர்ந்தவர். அப்பா எண்பத்தேழு. அதனால் அப்பா அவரை "அண்ணே" என்பார். எனக்குப் பெரியப்பா முறை ஆகிறது.

அவர் ஏன் ஓய்வு பெற்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாடு உலகத்துக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தது: இந்த வருஷத்துக்குள் இவ்வளவு புகையைக் குறைத்துவிடுவோம் என்று. அந்த வாக்கை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். மாநிலம் மாவட்டங்களுக்குப் பிரித்தது. மாவட்டம் ஊர்களுக்குப் பிரித்தது. சங்குமுனையின் பங்குக்கு வந்தது சரியாக ஒரு புகைபோக்கி. ஒன்றாம், இரண்டாம் நம்பர்கள் முன்பே போய்விட்டதால் மிச்சமிருந்தவர் இவர்தான். அவர் வேலையைத் தேரிமேட்டுச் செம்மணலில் நிற்கும் அறுபத்தோரு காத்தாடிகளும், உப்பளத்து ஓரமாகச் சாய்ந்து படுத்திருக்கும் சூரியத் தகடுகளும் பங்குபோட்டுக்கொண்டன. அவை சின்ன வயசு. துடிப்பாக இருந்தன. பெரியப்பாவுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது. ஓய்வு பெற்ற மற்றவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை அலுவலகத்துக்கு நேரில் போய், தாங்கள் மூச்சு விடுவதைக் காட்டிச் சான்று வாங்க வேண்டும். இவர் மூச்சு விடவில்லை என்று காட்டிச் சான்று வாங்க வேண்டும். ஒரு முழு வருஷம், ஓர் இழை புகைகூட விடாமல் இருந்தால், குறைத்தது குறைத்ததுதான் என்று ஆகும். அதன்பிறகு அவர் எங்கள் வீட்டில் எத்தனை காலம் வேண்டுமானாலும் இருக்கலாம். ஓர் இழை விட்டாலும் ஊர்ப் பங்கு தவறிவிடும். அவரை இடித்து, ரோட்டுக்கு அடியில் போட்டுவிடுவார்கள்.

அப்பா தினமும் காலையில் எழுந்ததும் முகம் கழுவும் முன் கொல்லைக்குப் போய் அண்ணாந்து பார்ப்பார். மேலே வானம் மட்டும் இருந்தால் திரும்பி வந்து பல் தேய்ப்பார். அப்புறம் இரண்டு டம்ளரில் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு போய்ப் பெரியப்பாவின் மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து ஒன்பது மணிவரை பேசுவார்.

"அப்பிடி என்னதான் பேசுவீங்களோ" என்று அம்மா ஒரு நாள் கேட்டாள்.

"எனக்குன்னு பேச வேற ஆளு யாரு இருக்கா ரோசிலி?"

"ஏன், நான் இல்லியா?"

"நீ திருப்பிப் பேசுத. அவரு கேப்பாரு."

பெரியப்பா பேச மாட்டார் என்பது உண்மைதான். உச்சியில், விமானங்கள் இடித்துவிடக் கூடாது என்று வைத்த சிவப்பு விளக்கு ஒன்று இருக்கிறது. ஆம் என்றால் ஒரு தடவை மினுக்குவார். இல்லை என்றால் இரண்டு தடவை. ஒரு குடும்பத்துக்கு அதுவே தாராளம்.

அவர் வந்த முதல் வாரத்தில் ஒரு சச்சரவு நடந்தது. இரண்டு வீடு தள்ளி இருக்கும் பிலோமி பெரியம்மா கருவாடு காயப்போடுகிறவர். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொல்லைப் பக்கமாக வந்தார்.

"ஏ ரோசிலி! உங்க வீட்டு மனுசன் நிழலு எங் கருவாட்டு மேல கெடக்கு. பத்தேகால்ல இருந்து பத்தரை வரைக்கும். இப்பிடிக் கெடந்தா சாளை எப்பம் காயும்?"

"எந்த மனுசனைச் சொல்லுதீய?"

"ஒம் புருசன் இருக்க உசரத்துக்கு அவரு நிழலு கோழிக்கூட்டையே தாண்டாது. நெட்டையாளைச் சொல்லுதேன்."

அப்பா போய்ச் சொன்னார். பெரியப்பா கடல் பக்கமாக இரண்டு எட்டு நகர்ந்து நின்றார். நிழல் கருவாட்டை விட்டு விலகிக் கோயில் முற்றத்தில் விழுந்தது. அங்கே ஞாயிறு வகுப்பில் வெயிலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு வசதியாகப் போயிற்று. சாமியார் நன்றி சொல்லி ஆள் அனுப்பினார்.

மாதம் ஒரு தடவை மின் அலுவலகத்திலிருந்து உதவிப் பொறியாளர் பொற்கொடி மேடம் ஸ்கூட்டரில் வருவார். அவர் கையில் ஓர் அட்டை இருக்கும். வெள்ளையில் தொடங்கிக் கறுப்பில் முடியும் ஐந்து கட்டங்கள் அதில் வரிசையாக அச்சடித்திருக்கும். கொல்லையில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அட்டையைப் பெரியப்பாவின் வாய்க்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். "வெள்ளை" என்று சொல்லி எழுதிக்கொள்வார். பிறகு நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார். சங்குமுனையில் எல்லோரும் இடத்தைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவோம். சாம்பல் விழுவது நின்று மாதங்கள் ஆகியும் கை அதை விடவில்லை. வெளியூர்க்காரரான மேடத்துக்கும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது.

பதினோரு மாதம் வெள்ளை என்றே எழுதினார். அப்பா நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்தார்.

நவம்பர் மூன்றாம் தேதி காற்று நின்றது.

அறுபத்தோரு காத்தாடிகளும், பஸ் வராத நிறுத்தத்தில் நிற்பவர்களைப்போல ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றன. மேகம் வந்து மூடியது, ஆனால் பெய்யவில்லை. தகடுகள் தூங்கின. பக்கத்து மாவட்டங்களிலும் அதே நிலை என்பதால் யாரிடமும் கேட்க முடியவில்லை. ஊரில் மின்விசிறிகளை நிறுத்தினோம். ஐஸ் கம்பெனியை மூடினார்கள். மிச்சமிருந்த மின்சாரம் முழுவதையும் ஆஸ்பத்திரிக்கு விட்டார்கள். ஒன்பதாம் தேதி மத்தியானம், ஆஸ்பத்திரி பேட்டரி சாயங்காலம் நாலு மணிவரைதான் தாங்கும் என்று தகவல் வந்தது.

அந்த ஆஸ்பத்திரியில், கண்ணாடிச் சூட்டுப்பெட்டிக்குள், பிலோமி பெரியம்மாவின் பேத்தி இருந்தாள். ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டவள். ஒரு கிலோ இருநூறு கிராம்.

பெரியம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"உள்ள வாங்கக்கா" என்றாள் அம்மா.

"இருக்கட்டும். நான் ஒண்ணும் கேக்க வரல. சும்மாதான் நிக்கேன்."

"பிள்ளை எப்பிடி இருக்கு?"

"கை இத்தினிக்காணு இருக்கு. எம் பெருவெரலைப் புடிச்சா விட மாட்டேங்கு."

இரண்டு மணிக்குப் பொற்கொடி மேடம் ஜீப்பில் வந்தார். பின்னால் நாலு மூட்டை நிலக்கரி இருந்தது.

"விதியில இடம் இருக்கு கஸ்பார் சார்" என்றார். "அவசரத்துக்கு ஒரு மணி நேரம் பத்த வைக்கலாம். அந்த ஒரு மணி நேரத்துல ஆஸ்பத்திரி பேட்டரி நாலு நாளைக்கு நெறைஞ்சிரும்."

"சான்று?"

"சான்று வராது சார்." மேடம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "டிசம்பர் ஒண்ணாந்தேதி இடிக்க ஆள் வரும்."

"இன்னும் இருபத்தோரு நாளுதான் இருக்கு."

"தெரியும் சார்."

அப்பா வாசலில் நின்ற பிலோமி பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா வேறு பக்கம் பார்த்தார். அப்பா கொல்லைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"அண்ணே, எல்லாம் கேட்டுச்சுல்லா?"

சிவப்பு விளக்கு ஒரு தடவை மினுங்கியது.

"உங்களுக்குச் சம்மதமா?"

ஒரு தடவை.

"யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல." அப்பா கொஞ்சம் நிறுத்தினார். "அவசரம்தான். இருந்தாலும் யோசிங்க."

விளக்கு ஒரு தடவை மினுங்கியது. கொஞ்சம் நேரம் கூடுதலாக எரிந்த மாதிரி இருந்தது.

அம்மா, "சாப்பிட்டுட்டுப் பத்த வைங்க. வெறும் வயித்தோட எதுக்கு?" என்றாள். கொல்லையிலேயே எல்லோருக்கும் இலை போட்டாள். பெரியப்பாவின் காலடியிலும் ஓர் இலை. சோறும் ஊளிமீன் குழம்பும். பிலோமி பெரியம்மா விடுவிடுவென்று வீட்டுக்குப் போய், சாளைக் கருவாட்டைப் பொரித்து எடுத்து வந்து, முதலில் பெரியப்பாவின் இலையில் வைத்தார்.

"நல்லாக் காஞ்சதுதான்" என்றார்.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா கை கழுவிவிட்டு, பெரியப்பாவின் அடியில் இருக்கும் இரும்புக் கதவைத் திறந்தார். ஒரு மூட்டையைத் தானே தோளில் தூக்கிப்போய் உள்ளே கவிழ்த்தார். என்னிடம் தீப்பெட்டி கேட்டார். கொடுத்தேன். ஒரு குச்சியை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"காத்தோட்டம் விடல" என்றார்.

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று இருபது.

உள்ளே தங்கிய பழைய வாயுவெல்லாம் போகிற மாதிரி ஐந்து நிமிடம் காற்று ஓட விட்ட பிறகுதான் தீ வைக்க வேண்டும் என்பது மின்நிலையத்து முறை. விடாமல் வைத்தால் வெடித்துவிடும். முப்பத்தாறு வருஷத்தில் அப்பா ஒரு தடவைகூட அதைத் தவறவிட்டதில்லை.

"சார், இன்னைக்கு ஒரு நாளைக்கு..." என்று மேடம் தொடங்கினார்.

"இன்னைக்கும் அப்பிடித்தாம்மா. கடைசித் தடவைன்னு முறையை விட முடியுமா? அவரை அப்பிடியா அனுப்புறது?"

மின்நிலையத்தில் அந்த வேலைக்குப் பெரிய பெரிய விசிறிகள் இருந்தன. எங்கள் கொல்லையில் விசிறி இல்லை. அப்பா பெரியப்பாவைத் தட்டிக் கொடுத்தார்.

"அண்ணே, ஃபேன் கெடையாது. நீங்களாத்தான் காத்தை ஓட்டணும். அஞ்சே அஞ்சு நிமிசம்."

பெரியப்பா யோசித்தார். அவர் தானாகக் காற்றை ஓட்டியதே கிடையாது. இத்தனை வருஷமும் கீழேயிருந்து யாராவது தள்ளுவார்கள், அவர் மேலே விடுவார். அவருக்கு இருந்தது ஒரே ஒரு வாய். அதுவும் உச்சியில் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் அந்த வாயால் காற்றை உள்ளே இழுத்தார்.

அப்பா கதவுப் பக்கம் கையை வைத்துப் பார்த்தார்.

"தெச தப்பு" என்று மெல்லச் சொன்னார். "மேலேருந்து கீழ வருது."

"தப்பா சார்?"

அப்பா முறையை முதலிலிருந்து ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். காற்று ஓட வேண்டும் என்றுதான் அதில் இருக்கிறது. எந்தப் பக்கம் என்று இல்லை.

"ஓடுதுல்லா. ஓடட்டும்" என்றார்.

முதலில் முருங்கை இலை அசைந்தது. பிறகு பிலோமி பெரியம்மாவின் முந்தானை. மேற்கேயிருந்து பெரியப்பாவின் வாய்க்கு வர வேண்டிய காற்றுக்குத் தேரிமேட்டைத் தாண்டித்தான் வழி. அங்கே ஒரு காத்தாடியின் இறக்கை, சோம்பல் முறிக்கிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றியது. அடுத்து இரண்டு. அடுத்து எட்டு. பிறகு அறுபத்தொன்றும் மெல்லத் திரும்பி, எங்கள் வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று சுற்றத் தொடங்கின.

ஐந்து நிமிடம் முடிந்தது. அப்பா குச்சியும் பெட்டியுமாக நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, போதும்."

விளக்கு இரண்டு தடவை மினுங்கியது.

மேடத்தின் போன் அடித்தது. எடுத்துக் கேட்டார். "ம்... ம்... சரி" என்றார்.

"ஏறுதாம்" என்றார் எங்களிடம்.

"என்னது ஏறுது?" என்று பிலோமி பெரியம்மா கேட்டார்.

"கரன்ட்டும்மா. பேட்டரி ஏறுது."

பெரியம்மா இடத்தைத் துடைக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா குச்சியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து என்னிடம் தந்தார். மூன்று மூட்டைகள் ஜீப்பிலேயே திரும்பிப் போயின.

பெரியப்பா நாலு நாள் இழுத்துக்கொண்டே இருந்தார். காற்றோடு சேர்ந்து அவர் முன்பு விட்ட புகையும் திரும்பி வர ஆரம்பித்தது. கடைசியாகப் போனது முதலில் வந்தது. அப்பா கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் வாசனை பிடித்து எங்களுக்குச் சொல்வார்.

"இது போன வருசத்துது."

மறுநாள், "இது தொண்ணூத்தாறு. அந்த வருசம் கப்பல்லயே கரி நனைஞ்சுபோச்சு, அதான் இந்த வாடை" என்றார்.

"வந்ததுக்கெல்லாம் பேரு சொல்லி விசாரிக்கிறாரு பாரு, கல்யாண வீட்டுல நிக்க மாதிரி" என்றாள் அம்மா. ஆனால் அவளும் வேலை ஒழிந்த நேரத்தில் வந்து அண்ணாந்து பார்த்தாள். புகை ஒவ்வொரு வருஷமாக வந்து, கொஞ்சம் தயங்கி, பெரியப்பாவின் வாய்க்குள் இறங்கிப் போயிற்று.

நாலாம் நாள் சாயங்காலம் வந்தது மெல்லிசான ஒரே ஓர் இழை. அப்பா முகர்ந்து பார்த்தார். அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"அண்ணே, இது நான் சேருகதுக்கு முந்தினது. நீங்க மொத மொதல்ல விட்டது" என்றார். எழுந்து நாற்காலியை நகர்த்தி வைத்து அதற்கு வழிவிட்டார்.

அது உள்ளே போனதும் பெரியப்பா வாயை மூடிக்கொண்டார். அன்றைக்கே வாடைக்காற்று தானாக வீச ஆரம்பித்தது. காத்தாடிகள் வடகிழக்குப் பக்கம் திரும்பிக்கொண்டன. பிலோமி பெரியம்மாவின் பேத்தி ஒரு கிலோ முந்நூறு கிராம் ஆகியிருந்தாள்.

நவம்பர் முப்பதாம் தேதி பொற்கொடி மேடம் அட்டையோடு வந்தார். அப்பா காலையிலிருந்தே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். மேடம் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அட்டையை இறக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இதுல இல்லாத வெள்ளையா இருக்கு சார்."

"அது நல்லதா கெட்டதா மேடம்?"

"படிவத்தைப் பாத்துத்தான் சொல்லணும்."

படிவத்தில் 'விட்ட புகை' என்று ஒரு கட்டம் இருந்தது. ஒன்றுமில்லை என்று போட முடியாது, ஏனென்றால் ஒன்றுமில்லாததையும்விடக் குறைவாக இருந்தது. அப்படிப் போடுவதற்கு அந்தக் கட்டத்தில் வழி இல்லை. மேடம் பேனாவைக் கடித்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். அப்பா அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள்.

கடைசியில் மேடம் எழுதினார்: 'விடவில்லை. வாங்கிக்கொண்டார்.' கீழே முத்திரை குத்தினார்.

"இனிமே அவரு இங்கதான் சார். யாரும் வர மாட்டாங்க."

அப்பா சான்றை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துவிட்டு மூன்றாவது தடவையும் படித்தார். பிறகு கொல்லைக்குப் போய்ப் பெரியப்பாவின் மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். இருவரும் அப்படியே இருந்தார்கள். நாடு அந்த வருஷம் தன் வாக்கைக் காப்பாற்றிவிட்டது என்று மத்தியானச் செய்தியில் சொன்னார்கள். அம்மா சத்தத்தைக் கூட்டி வைத்தாள், கொல்லைவரை கேட்கட்டும் என்று.

பத்து நாள் கழித்து அப்பா இரும்புக் கதவைத் திறந்தபோது, உள்ளே நிலக்கரி கழுத்துவரை நிறைந்திருந்தது. திரும்பி வந்த புகையெல்லாம் அடியில் படிந்து, பழையபடி கரியாகியிருந்தது. அப்பா கதவைச் சாத்தவில்லை, காற்றுப் படட்டும் என்று விட்டுவிட்டார். அடுத்த வாரம் கரி கொஞ்சம் கொஞ்சமாக இளகி ஈரமாயிற்று.

"கரியும் எத்தனையோ கோடி வருசத்துக்கு முன்னால காடாத்தான இருந்தது" என்றாள் அம்மா, கீரை ஆய்ந்துகொண்டே.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்பு கதவு வழியாக, சுருண்ட நுனியோடு ஒரு செடி எட்டிப் பார்த்தது. இங்கே யாரும் பார்த்திராத செடி. உள்ளே எங்கேயோ தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. மறுநாள் காலையில் என் கை நீளத்துக்கு ஒரு தும்பி அதற்குள்ளிருந்து வெளியே வந்து, நனைந்திருந்த இறக்கைகளை இரண்டு தடவை உதறி, துணிக்கொடியில் உட்கார்ந்தது. கொடி தாழ்ந்தது.

அம்மா துணிகளை ஒரு பக்கமாகத் தள்ளி அதற்கு இடம் விட்டாள்.